உள்ளங்கையளவு இனிப்பு

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் திருக்கோயிலில், மகப்பேறு வேண்டும் பெண்கள் வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு உறங்குவர். விடியலில் அப்பயறு முளைத்திருப்பின் மரகதவல்லித் தாயாரின் அருள் கிட்டிற்றென்று மகிழ்வர். இது நெடுநாள் மரபு. அவ்வாறு வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு நாம் எதனை, எவ்வாறு ஊட்டுகிறோம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். தமிழாசிரியனுக்கு அப்பழக்கம் விடாது. 'சர்க்கரை' என்னும் சொல்லின் வடமொழி மூலம் பரற்கல்லையும் குறிக்கும். அச்சொல்லே பாரசீகம், அரபு வழியாக மேலைநாட்டு மொழிகளிலும் புகுந்தது. ஆண்டாள் நாச்சியார் காலத்தில் 'அக்காரம்' என்று வழங்கினர். கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தோர் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் போற்றுகின்றார். வெண்சர்க்கரையை எம் பாட்டனார் 'அஸ்கா' என்பார். அஃது அன்று சென்னை மாகாணத்திலிருந்த கஞ்சம் மாவட்டத்துச் சர்க்கரை ஆலையூரின் பெயர். அரிய பொருளாயிருந்தமையால் அக்காலத்தில் அளவு தானே அமைந்தது.

இன்றோ நிலை வேறு. உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு வளர்ந்தோர்க்குச் சுமார் 50 கிராமுக்கு மேற்படலாகாது, 25 கிராமுக்குள் நிற்பின் இன்னும் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. குழந்தைகட்கு இதனினும் குறைவே தகும். காஞ்சியைச் சூழ்ந்த தறி வீடுகளில் குழியில் கால் தொங்கவிட்டு அமர்ந்தவர், பாவு இழை அறுந்தால் ஒரு தேநீர், நெய்து முடித்தால் ஒரு தேநீர் என்று நாளைக்கு ஐந்து முறை அருந்துவதுண்டு. முறைக்கு இரண்டு கரண்டி எனக் கொண்டால் அதுவே 40 கிராம். வெல்லத்திற்கும் தேனுக்கும் விலக்கில்லை, அவையும் இக்கணக்கினவே. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடி பேர் நீரிழிவுற்றோர் என 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. அடியேனும் அவருள் ஒருவன்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். பேரனுக்கு ஏழு வயதில் திருப்பாவை கற்பித்தேன். பாசுரம் ஒன்று ஒப்பித்தால் மிட்டாய் ஒன்று என்பது ஏற்பாடு. சில நாள் கழித்து, "தாத்தா, இது கடினமான பாசுரம், இரண்டு தாருங்கள்" என்றான். பல்லில் சொத்தை விழுந்தது. மிட்டாயை நிறுத்தினேன், பாசுரமும் நின்றது! இறைவன் திருநாமத்தை நாவுக்குக் கூலி பேசி விற்கக் கற்பித்தவன் நானே. பின்னர் மருமகள் வீட்டில் இனிப்பே கூடாதென்று விலக்கினாள். ஒரு நள்ளிரவில், பரண்மேல் ஒளித்திருந்த சர்க்கரை டப்பாவினுள் பிள்ளையின் கை இருக்கக் கண்டோம். அவன் அழுதது பசியாலன்று, அச்சத்தால். கூலியாகக் கொடுத்ததும் பிழை, குற்றமாக்கியதும் பிழை.

வழி திருப்பாவையிலேயே இருந்தது. அதனைக் கற்பித்த எனக்குத்தான் புலப்படவில்லை. இரண்டாம் பாசுரத்தில் நோன்பு நோற்கும் ஆயச்சிறுமியர் நெய்யையும் பாலையும் விலக்குகின்றனர். 27ஆம் பாசுரத்திலோ நெய் பெய்த பாற்சோற்றை அனைவரும் ஒருங்கிருந்து உண்கின்றனர். விலக்கியவர்களும் அவர்களே, உண்டவர்களும் அவர்களே. உண்ணும்போது கூச்சமில்லை, தனிமையில்லை. கோயிலிலும் இம்முறையே காண்கிறோம். பிரசாதம் உரிய வேளையில் வருகிறது. செல்வர்க்கும் எளியவர்க்கும் ஒரே அகப்பை. படித்த பிள்ளைக்கு மிகுதியும் படியாத பிள்ளைக்குக் குறைவும் அங்கில்லை.

எல்லின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியல் அறிஞர் ஒரு நெறி வகுத்துள்ளார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பன பெற்றோர் முடிவு. உண்பதா, எவ்வளவு என்பன குழந்தையின் முடிவு. இனிப்புக்கு மட்டும் அவரும் அளவு வைக்கச் சொல்கிறார்: உணவோடு ஒரு பங்கு, அவ்வளவே. எங்கள் வீட்டில் இதனையே கைக்கொண்டோம். வெள்ளிக்கிழமையும் பண்டிகை நாளும் திருக்கண்ணமுது உண்டு. இலையில் சோற்றோடு சேர்த்தே இடப்படும். "கீரை தின்றால்தான் பாயசம்" என்னும் பேரம் இல்லை. மாலைப் பசிக்குச் சுண்டலோ அவித்த பயறோ தட்டில் வைப்போம், உண்ணாவிடில் வற்புறுத்துவதில்லை. குளிர்பானம் வாங்குவதில்லை, அவற்றுட் பலவற்றில் 100 மில்லிக்கே சுமார் 10 கிராம் சர்க்கரை உண்டு. முதல் இரண்டு வாரம் பேரன் முரண்டு செய்தான். மருமகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தோம். பரண் டப்பா அடுக்களைக்கே இறங்கிவந்தது. யாரும் அதைத் தொடவில்லை என்று சொல்லமாட்டேன், ஒளிந்து தொடவில்லை.

நீரிழிவுற்றோர் கோயிலில் சர்க்கரைப் பொங்கலை மறுத்தால் அபசாரமாகுமோ என வினவுவர். கண்ணில் ஒற்றி, ஒரு பருக்கை வாயிலிட்டு, மீதியை அருகிலிருப்பவருக்கு அளிக்கலாம். பிரசாதத்திற்குப் பெருமை அளவினால் வருவதன்று.

சென்ற மார்கழி 27ஆம் நாள் அக்காரவடிசிலைத் தொன்னைகளில் இட்டுத் தெருவார்க்கெல்லாம் பேரனே கொடுத்து வந்தான். இறுதியில் தன் தொன்னையோடு என் அருகில் அமர்ந்தான். என் நோயை அறிந்தவனாகையால், கரண்டி நுனியளவே எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "போதுமா தாத்தா?" என்று கேட்டான். 27ஆம் பாசுரத்தை இருவரும் சேர்ந்து சொல்லிவிட்டு உண்டோம்.