சிறு காரின் சில்லும் ரயரும்

2009இற் பாலம் திறக்கப்பட்டபின், கிண்ணியாவிற் பாதைக்குக் காத்திராமல் திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாகச் சம்பூருக்குக் காரிற் செல்கின்றோம். அத்தெருவில் ஓடும் சிறு காருக்குச் சின்ன றிம்மும் அகன்ற ரயரும் பூட்ட விரும்பும் இளைஞர் முதலிற் கணக்குப் பார்த்தல் தகும்.

185/65 ஆர் 15 என்னும் ரயரில் 185 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. 15 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். முழு விட்டம் 621.5 மில்லிமீற்றர். 195/60 ஆர் 14 ஆயின் 589.6 தான். வண்டியின் அடி 16 மில்லிமீற்றர் தாழும். புறப்படும் விரைவு சிறிது கூடும், மெய்யே. ஆனால் முன்பு சரியாயிருந்த வேகமானி 100 காட்டுங்கால் உண்மை வேகம் ஏறக்குறைய 95 ஆகும்.

இவற்றினும் பெரிது பாரம். முன்னதன் வழக்கமான பாரச் சுட்டெண் 88; ரயரொன்று 560 கிலோகிராம் தாங்கும். பின்னதற்கு 86; 530 மாத்திரமே. நான்கிலுமாக 120 கிலோ குறைகின்றது. குடும்பத்தோடு நெல்மூடையும் ஏற்றுவோருக்கு இஃது அற்பமன்று!

உலர்ந்த தெருவில் அகன்ற ரயர் நன்கு பற்றும். மார்கழி மழைநீர் தேங்கிய இடத்திலோ, ரயர் அகலுந்தோறும் நீரைப் பிளத்தல் அரிதாகி, வேகத்தில் வண்டி மிதக்கும், பிறேக்கும் பயன்படாது.

பிறேக் கவ்வி சின்ன றிம்மினுள் இடிபடாது அடங்குகின்றதா என்பதை, பூட்டிக் கையாற் சுழற்றிப் பார்த்தபின்னரே காசு கொடுக்க வேண்டும்.