ஈயச் சன்னமும் அதன் வேகமும்

காட்டுப்பன்றி முதலிய விலங்குகளினின்றும் நெல்லையும் மரக்கறிப் பயிர்களையும் காத்தற்பொருட்டுக் கமக்காரர் சிலர் அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருக்கின்றனர். வெடிமருந்தைக் கூட்டிச் சன்னத்தின் வேகத்தை மிகுவித்தாற் பயனும் மிகும் என எண்ணுதல் எளிது. அவ்வெண்ணம் தவறானது. ஈயத்தால் வார்த்த சன்னம் ஒரு குறித்த வேகம் வரையுமே ஒழுங்காகத் தொழிற்படும். அதற்கு மேற்படின் அது குழலையும் கெடுக்கும், இறைச்சியையும் கெடுக்கும்.

1. ஈயமும் வெள்ளீயமும்

ஈயம் நீரிலும் 11 மடங்குக்கு மேற் பாரமுடையது. 327 பாகை செல்சியசில் உருகுவது. நகத்தாற் கீறக்கூடிய அளவு மென்மையானது. 20 பங்கு ஈயத்துடன் 1 பங்கு வெள்ளீயம் சேர்த்தால் அதன் வன்மை ஏறக்குறைய இரு மடங்காகும். உருகிய கலவையும் அச்சில் நன்கு நிரம்பும். ஆயின் வெள்ளீயத்தை மேலும் இரட்டித்தாலும் வன்மை சிறிதளவே கூடும். ஆகவே வெள்ளீயத்தைக் கொண்டு மாத்திரம் ஈயத்தை மிகுந்த வேகத்துக்கு ஏற்றதாக்கல் இயலாது.

2. குழலினுள் நிகழ்வது

றைபிளின் குழலினுள்ளே சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். சன்னம் அவ்வரிகளைப் பற்றிச் சுழன்று வெளியேறும். பிரித்தானியப் படை 1871 இல் ஏற்றுக்கொண்ட மாட்டினி-கென்றி றைபிளின் சன்னம், 12 பங்கு ஈயமும் 1 பங்கு வெள்ளீயமும் சேர்த்துச் செய்யப்பட்டுக் கடதாசி சுற்றப்பட்டிருந்தது. கரிய வெடிமருந்து அதனைச் செக்கனுக்கு ஏறக்குறைய 400 மீற்றர் வேகத்திற் செலுத்தியது.

1886 இல் பிரான்சு புகையற்ற வெடிமருந்துக்குரிய லெபல் றைபிளை ஏற்றபோது, வேகம் 600 மீற்றரைக் கடந்தது. அத்தகைய வேகத்தில் உறையில்லாத மெல்லிய ஈயம் வரிகளைப் பற்றமாட்டாது வழுக்கும். சூடான வாயு சன்னத்தின் ஓரங்களை அரிக்கும். அரிபட்ட ஈயம் குழலிற் படிய, குறி தவறும். இக்காரணத்தாலேயே ஈயத்தின்மேற் செம்புக் கலப்புலோக உறை இடும் வழக்கம் பரவியது. வார்ப்புச் சன்னங்களுக்கோ அடியிற் சிறு செம்புக் கிண்ணம் பொருத்துவர்.

3. இலக்கில் நிகழ்வது

வேகம் இரு மடங்காயின் சன்னத்தின் சக்தி நான்கு மடங்காகும். 400 மீற்றர் அளவான வேகத்தில் ஈய வெள்ளீயச் சன்னம் முன்புறம் காளான்போல் விரியும், பெரும்பாலும் உடையாது. வேகம் மிகுந்தால் மெல்லிய சன்னம் எலும்பிற் பட்டு நுண்துணிக்கைகளாகச் சிதறும். அந்திமனி சேர்த்து மிக வன்மையாக்கிய சன்னமோ விரியாது ஊடுருவிச் செல்லும், அன்றேல் நொறுங்கிவிடும்.

சிதறிய துணிக்கைகள் காயத்துக்கு அப்பாலும் தசையிற் பதியும். 2008 இல் ஐக்கிய அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கென வழங்கப்பட்ட மான் இறைச்சியில் ஈயத் துணிக்கைகள் கண்டறியப்பட்டன. அவை கண்ணுக்கும் கைக்கும் புலப்படாத அளவு சிறியனவாயும் இருத்தல் கூடும்.

4. கமக்காரர் கவனிக்கவேண்டியவை

(அ) ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று பொருந்தும் அளவினதே 12 துளைக் குழலாகும். இத்துவக்கின் தோட்டா செக்கனுக்கு ஏறக்குறைய 400 மீற்றர் வேகத்தையே தரும். அதுவே ஈயத்துக்கு ஏற்ற வேகம். தோட்டாவைப் பிரித்து வெடிமருந்தைக் கூட்டுதல் ஆகாது.

(ஆ) வீட்டில் வார்த்த உருண்டையை இடுதல் கூடாது. குழல்வாய் ஒடுங்கிய துவக்கில் அது இறுகிக் குழலை வெடிக்கச் செய்யலாம்.

(இ) ஒற்றைச் சன்னம் ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் சென்று விழக்கூடும். பின்புறம் தெளிவாகத் தெரியாவிடத்துச் சுடலாகாது. அடுத்த வயலிற் காவலிருப்பவரின் உயிர் இதிலே தங்கியுள்ளது.

(ஈ) இறைச்சியை உண்பதாயின் காயத்தைச் சூழ்ந்த பகுதியைத் தாராளமாக வெட்டிப் புதைத்துவிடல் வேண்டும். கழுவுவதால் ஈயம் முற்றாக நீங்காது, சமைப்பதால் அழியாது. பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அவ்விறைச்சியைக் கொடாதிருத்தலே நன்று. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் குறைக்கும். இரத்தத்தில் தீங்கற்ற ஈய அளவென்று ஒன்று அறியப்படவில்லை.

(உ) சமையலடுப்பிலோ சமையற் பாத்திரத்திலோ ஈயத்தை எக்காரணங்கொண்டும் உருக்கலாகாது.