பனிக்காலத்தில் கூடை இல்லாமல் ஒரு நடை

மார்கழி பிறந்தாச்சு. லயத்துத் தகரத்தில் விடியற்காலையில் பனி சொட்டுகிற சத்தம் கேட்கிறது. இம்முறை நடையைப் பற்றி எழுதப் போகிறோம் என்று பெரட்டுக் களத்தில் சொன்னதும் ஒரு அக்கா சிரித்துவிட்டார். "நாங்க நடக்காத நடையாங்க ஐயா? மலை ஏறி எறங்கியே முட்டி தேஞ்சு போச்சு" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நாங்கள் சொல்ல வருவது வேறு நடை. கொழுந்து மலைக்குப் போகும்போது தலையில் கூடை, கண் கொழுந்தில், காது கங்காணியின் சத்தத்தில், மனம் இன்றைக்கு எத்தனை கிலோ என்பதில். எங்களுக்கும் அப்படித்தான். லயம் லயமாக ஏறி இறங்கும்போது கையில் பதிவுப் புத்தகம், மனதில் கணக்கு. இருபது வருடமாக நடந்த பாதையில் என்னென்ன மரம் நிற்கிறது என்று கேட்டால் பாதிக்கு மேல் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமையோ போயா தினமோ, வேலை இல்லாத ஒரு காலையில் அரை மணி நேரம் கூடை இல்லாமல் நடந்து பாருங்கள். அதற்கு இந்தக் காலம் நல்லது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி பிறந்தால் மழை குறைந்து வானம் வெளுத்துவிடும், அட்டைக் கடியும் குறையும். பதுளைப் பக்கத்தார் மட்டும் வடகீழ்ப் பருவ மழை ஓயும்வரை பொறுக்க வேண்டும்.

முதல் பத்து நிமிடம் பேச வேண்டாம். கைத்தொலைபேசியைக் காம்பராவிலேயே வைத்துவிடுங்கள். மூக்கால் மூச்சு விடுங்கள். குளிர்ந்த காற்று மூக்கு வழியே போகும்போது சூடாகித்தான் நெஞ்சுக்குள் இறங்கும். நாலு அடிக்கு மூச்சை இழுத்து, நாலு அடிக்கு விடலாம். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் எண்ணிக்கையை விட்டுவிட்டு நில்லுங்கள். மனம் கடைக் கடனுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஓடத்தான் செய்யும். ஓடினால் பாதத்துக்குக் கீழே கல்லா, மண்ணா, ஈரப் புல்லா என்று கவனியுங்கள். அது திரும்பி வந்துவிடும்.

ஓடைப் பள்ளத்தில் இறங்கும்போது கணுக்காலில் குளிர் கடிக்கும். அங்கிருந்து மேல் மலைக்கு ஏறினால் முகத்தில் குளிர் குறைவது தெரியும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை எல்லாம் இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் சில நாள் புல்லெல்லாம் வெள்ளையாக உறைவது இதனால்தான். பள்ளத்துத் தேயிலை கருகி, மேட்டுத் தேயிலை தப்பித்துக்கொள்வதும் இதனால்தான். கருகிய கொழுந்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரணத்தை உடம்பாலேயே தெரிந்துகொள்ள இந்த நடை உதவும்.

விடியும்போதும் பொழுது சாயும்போதும் ஏறக்குறைய ஆறு மணிக்குப் புதர்ப் பக்கம் இரட்டை விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதுதான் ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, சிறகில் நீலம், வால் அடியில் சிவப்பு, வால் என்று சொல்ல முடியாத குட்டை வால். இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் மாதங்களைக் கழிக்க இங்கே பறந்து வருகிறது. தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும். ஓடைக்கல்லில் வாலை ஆட்டிக்கொண்டே நிற்கிற மஞ்சள் வயிற்று வாலாட்டிக் குருவியும் இமயமலைப் பக்கத்து விருந்தாளிதான்.

எங்களுக்குத் தெரிந்த அம்மா ஒருவர் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் காலமான பிறகு அடுப்படியை விட்டு எழும்புவதே இல்லை. போன தை மாதம், கொழும்புக்கு வேலைக்குப் போகவிருந்த பேரன் அவரைக் கையைப் பிடித்து ஓடைவரை கூட்டிப்போனான். பீலிக்கு மேலே ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். "இந்தக் கல்லுல ஒரு நாள்கூட நான் குந்துனதில்லடா தம்பி" என்றாராம். பேரன் போய்விட்டான். அம்மா இப்போது வாரம் ஒரு தரம் பக்கத்து லயத்துப் பெண்ணோடு அங்கே போகிறார். துக்கம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டோம். "தீரல, ஆனா ராத்திரி தூக்கம் வருது" என்றார்.

சில எச்சரிக்கைகள். இழுப்பு, இருதய நோய் உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகே நடங்கள். தோட்ட வைத்தியசாலையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் தனியாகப் போக வேண்டாம், சிறுத்தை நடமாடும் நேரம் அது. குளவிக் கூட்டைக் கண்டால் கல்லெறியாமல் சத்தமில்லாமல் திரும்புங்கள். சரிவில் புதிதாக மண் வெடித்திருந்தாலோ, மரம் சாய்ந்திருந்தாலோ, ஊற்று திடீரெனக் கலங்கி வந்தாலோ அன்றே கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை நாம் யாரும் மறக்கவில்லை.

தலையில் ஒரு துணி, பழைய சுவெட்டர், வழுக்காத செருப்பு போதும். திரும்பி வந்து சூடாகத் தேத்தண்ணி குடியுங்கள். ஆறுமணிக் குருவியின் சத்தத்தை முதலில் கேட்ட நாளைப் பிள்ளைகளிடம் சொல்லிக் கலண்டரில் குறிக்கச் செய்யுங்கள். சித்திரை வாக்கில் அது திரும்பிப் போய்விடும்.