20 வளைவு இறங்குமுன்

ஏற்காட்டில் குறுக்கு வலிக்கு வைத்தியம் தேடுகிறவர், கட்டணத்தோடு பஸ் பயணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு ஒருபக்கம் இழுபட இறங்கி, அரைமணி சிகிச்சை எடுத்துவிட்டு அதே வழியில் ஏறினால், கிடைத்த சுகம் பாதி வழியிலேயே போய்விடும். பக்கத்து வீட்டு அக்கா காப்பித் தோட்டத்தில் பழம் எடுப்பவர். சீசனில் இடுப்பில் கட்டிய பை கனக்கக் கனக்க, சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நாளெல்லாம் நிற்பார். சேலம் போய்வந்த ராத்திரிகளில்தான் அவருக்கு வலி அதிகம். அதனால் எந்தச் சிகிச்சையைப் பற்றியும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வீட்டுக்கு வந்த பிறகும் அது தொடருமா?

சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாதது, வலியோடு காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்வது, விழுந்து அடிபட்டது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு யோசனை வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு உடனே போங்கள். மற்றபடி மூன்று மாதம் தாண்டிய முதுகு வலிக்காரர்களில் பெரும்பாலோருக்குக் கத்தி வைக்கத் தேவையே இராது.

கத்தியில்லாமல் வலியைக் குறைக்க அவர்கள் நாடும் வழிகளில் ஒன்று கைரோபிராக்டிக், 1895இல் அமெரிக்காவில் டி.டி. பாமர் தொடங்கிய முறை. முதுகெலும்பு மூட்டைக் கையால் வெடுக்கென்று உந்துவார்கள். அப்போது கேட்கும் 'டக்' சத்தம், விலகிய எலும்பு உட்கார்ந்த சத்தம் என்று நம்பிப் பலர் பணம் கட்டுகிறார்கள். மூட்டு நீரில் உண்டாகும் வாயுக் குமிழின் சத்தம் அது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு இப்படிக் கையால் செய்யும் சிகிச்சையை ஏற்கிறது, உடற்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டும் ட்ராக்‌ஷனும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது. நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கெனத் தனி மருத்துவக் கவுன்சில் கிடையாது. ஆகவே எங்கே படித்தார், எத்தனை ஆண்டு படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எலும்பு மெலிந்துபோன வயதானவர்கள் இந்த உந்தலுக்கு உடன்படக் கூடாது. கழுத்தைத் திருகவும் விடாதீர்கள். அபூர்வமாக ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. சோதித்துப் பார்க்காமலே இருபது முறைக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற உடல்பிடித்தலும் வர்மம் என்ற புள்ளி அழுத்தலும் உண்டு. பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு செய்தவரிடம் போனால் இறுகிய தசை இளகும். அதுவரைக்கும் நல்லது. சுளுக்கு எடுப்பவர் முதுகில் ஏறி மிதிப்பது வேறு விஷயம், அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் தேர்வு பிசியோதெரபி. இரண்டு மூன்று முறை போய்ப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டால், மீதியை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வலி குறைந்ததும் பயிற்சியை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

அக்கா இப்போது காலையில் பாயிலேயே மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கிப் பத்து எண்ணுகிறார். தோட்டத்தில் பை பாதி நிறைந்ததுமே சாக்கில் கொட்டிவிடுகிறார். நடை கூடுதல்தான், ஆனால் இந்தச் சீசனில் ஒருநாள்கூட அவர் லீவு போடவில்லை.