நண்டுக்கு வழிவிடும் தீவு

தீவு என்றதும் நம் மனக்கண்முன் நீலக் கடலும் வெண்மணலும் தென்னஞ்சோலையும் தோன்றும். விடுமுறையில் தீவுகளுக்குச் செல்வோர் பெரும்பாலும் ஓய்வையே நாடுவர். ஆனால் கிறிஸ்மஸ் தீவுக்குச் செல்வோரில் பலர் நாடுவது நண்டுகளின் ஊர்வலத்தை!

இத்தீவு இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவில் உள்ளது. 1643-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இவ்வழியே சென்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வில்லியம் மைனர்ஸ் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். 1958 முதல் இது ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் உள்ளது. பரப்பு 135 சதுர கி.மீ.; அதில் பாதிக்கு மேல் தேசியப் பூங்கா.

இங்குள்ள காட்டில் கோடிக்கணக்கான செந்நண்டுகள் வளை தோண்டி வாழ்கின்றன. உதிர்ந்த இலைகளும் இளநாற்றுகளும் இவற்றின் உணவு. நிலத்தில் வாழ்ந்தாலும் இவை செவுள்களால்தான் மூச்சு விடுகின்றன. செவுள் உலர்ந்தால் உயிர் போய்விடும். எனவே, மழைக்காலம் தொடங்கியதும் பயணம் புறப்படுகின்றன. முதலில் ஆண் நண்டுகள் கடலோரம் சென்று வளை தோண்டும். பெண் நண்டுகள் பின்தொடரும். இணை சேர்ந்தபின் ஆண்கள் காடு திரும்ப, பெண்கள் ஈரமான வளைக்குள் இரண்டு வாரம் முட்டைகளைச் சுமந்து காத்திருக்கும்.

எதற்காகக் காத்திருக்கின்றன? தேய்பிறையில் நிலவு பாதியாகத் தேயும் நாட்களில், விடியுமுன், உயர்ந்த கடல் வற்றத் தொடங்கும் வேளைக்காக! அப்போது ஒவ்வொரு தாயும் ஒரு லட்சம் வரை முட்டைகளைக் கடலில் உதிர்க்கிறது. நீர் பட்டதும் அவை பொரிகின்றன. குஞ்சுகளில் பெரும்பாலானவை மீன்களுக்கும் திமிங்கலச் சுறாவுக்கும் இரையாகும். பல ஆண்டுகளில் கரை சேர்வன மிகச் சிலவே. நல்ல ஆண்டு வாய்த்தால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் 5 மி.மீ. அளவுள்ள குஞ்சுகள் கரையையே சிவப்பாக்கிவிடும்.

இப்பயணக் காலத்தில் மனிதர் ஒதுங்கி நிற்கின்றனர். சில சாலைகள் மூடப்படுகின்றன. நண்டுகள் கடக்கச் சாலைக்கு அடியில் சுரங்க வழிகளும், மேலே 5 மீட்டர் உயரப் பாலமும் உண்டு. வண்டி ஓட்டுவோர் இறங்கி, நண்டுகளை மெல்ல ஒதுக்கிவிட்டே செல்கின்றனர்.

ஆயினும் இந்நண்டுகளுக்குப் பேரிடர் ஒன்று நேர்ந்தது. கப்பல்களோடு அறியாமல் வந்து சேர்ந்த மஞ்சள் எறும்புகள், 1990-களில் பெருங்கூட்டங்களாகப் பெருகின. அவை பீய்ச்சும் அமிலத்தால் பார்வை இழந்து கோடிக்கணக்கான நண்டுகள் மடிந்தன. நண்டுகள் அழிந்த இடங்களில் இளநாற்றுகள் அடர்ந்து, காட்டின் தரையே மாறிப்போயிற்று. செதில் பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீரே அவ்வெறும்புகளின் முக்கிய உணவு. ஆகவே, செதில் பூச்சியை அழிக்கும் மிகச் சிறிய குளவியை மலேசியாவிலிருந்து கொணர்ந்து, 2016 டிசம்பரில் அங்கே விட்டனர்.

இதே எறும்பு 2022-இல் நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலைப் பகுதி மக்களையும் வருத்தியது. ஓரிடத்தில் சாதாரணமாகத் தோன்றும் உயிர், வேறோரிடத்தில் எமனாகலாம் அல்லவா?

விருந்துக்குச் செல்பவர், அவ்வீட்டாரின் வழக்கமறிந்து நடப்பதே முறை. தீவுகளுக்குச் செல்லும்போது விதையோ மண்ணோ பூச்சியோ நம் காலணியிலும் பையிலும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துச் செல்வோம். அங்குள்ள உயிர்களைக் கண்டு மகிழ்வோம். அவற்றின் வழியில் குறுக்கே நில்லாதிருப்போம்.