காணாமற் போனவளும் கதை கட்டுவோரும்



சென்ற ஆண்டு ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் விளக்குகளை மோதினார் அணைத்துக்கொண்டிருந்த வேளையில், ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள ஒரு மஹல்லாவில் நாம் ஊழியம் செய்து வருகிறோம். எஸ்டேட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்மக்கள் இப்பகுதியில் அதிகம். காலையில் சோற்று டப்பாவுடன் புறப்படுவார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் பட்டரவாக்கத்தில் ரயிலேறியோ ஷேர் ஆட்டோ பிடித்தோ வீடு வந்து சேருவார்கள். அந்தத் தாயின் மகள் முதல் நாள் மாலை வந்து சேர வேண்டியவள். ஓர் இரவும் ஒரு பகலும் கழிந்தும் வரவில்லை.

"ஹஜ்ரத், துஆ செய்யுங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார் அவர்.

அவரிடம் நாம் கேட்ட முதற் கேள்வி, "பிள்ளை போனில் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்ததா அம்மா?" என்பதுதான். எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள், என்ன உடை உடுத்தியிருந்தாள், போலீஸில் சொன்னீர்களா என்று எதுவும் நாம் கேட்கவில்லை. அவர் பதில் பேசாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் தப்ஸீர் ஓதிய நமக்கு, ஸூரத்துன் நூரின் ஆயத்துகள் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டே இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

புகார் ஏன் கொடுக்கவில்லை என்று பிறகு விசாரித்தோம். போலீஸுக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், நாளை யார் பெண் கேட்டு வருவார் என்ற அச்சமே காரணம். ஆனால் ஊருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. மறுநாள் பஜ்ருக்குப் பின் தேநீர்க் கடையில் மூன்று கதைகள் உலவின. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒரு வாலிபனுடன் பையும் கையுமாக நின்றாள் என்பது ஒன்று. வேற்று மதத்தவன் ஒருவன் கூட்டிப் போய்விட்டான் என்பது மற்றொன்று. மகளை வேலைக்கு அனுப்பிச் சம்பாத்தியம் தின்ற தாய்க்கு இது வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றையும் சொன்னவர்கள் தொழுகையாளிகள்! ஒருவரும் எதையும் கண்ணால் கண்டிருக்கவில்லை.

அல்லாஹ்வின் கிருபையால் அந்தப் பெண் வீடு வந்து சேர்ந்துவிட்டாள். எங்கிருந்தாள், என்ன நேர்ந்தது என்பதை நாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை அறியாமல் மேலே படிக்க மனம் வரவில்லை என்று தோன்றினால், அந்த மனத்திற்குத்தான் இந்தப் பாடம். மூன்று கதைகளில் ஒன்றுகூட உண்மையில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

ஓர் இளம்பெண் தன் கூட்டத்தாரை விட்டுப் பிரிந்து தனித்துப் போனதும், ஊரார் கதை கட்டியதும் இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதல்ல. நம் அனைவருக்கும் அன்னையான ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுக்கே அது நேர்ந்தது. அந்நிகழ்ச்சியை அவர்களே அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

பனூ முஸ்தலிக் போர் முடிந்து முஸ்லிம் படை மதீனா திரும்பிக்கொண்டிருந்தது. அது ஹிஜ்ரி ஐந்தாம் ஆண்டா ஆறாம் ஆண்டா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இரு கருத்துகள் உண்டு. இரவில் ஓரிடத்தில் தங்கி, மீண்டும் புறப்படும் அறிவிப்பு வந்தபோது, அன்னையவர்கள் இயற்கைத் தேவைக்காகச் சற்றுத் தொலைவு சென்றிருந்தார்கள். திரும்பி வந்து கழுத்தைத் தடவிப் பார்த்தால் யமன் நாட்டு மணிகளால் ஆன மாலை அறுந்து விழுந்திருந்தது. அதைத் தேடிப் போனார்கள். இதற்குள், அவர்கள் உள்ளே இருப்பதாகவே எண்ணிக் காலி ஹவ்தஜைத் தூக்கி ஒட்டகத்தின் மேல் வைத்துக் கட்டிவிட்டார்கள். உணவு குறைந்த அந்தக் காலத்தில் பெண்கள் உடல் பருத்தவர்களாக இருந்ததில்லை. எடைக் குறைவைத் தூக்கியவர்கள் உணரவில்லை. மாலை கிடைத்துத் திரும்பிய அன்னையவர்கள் கண்டது ஆளில்லாத வெறும் மணல்வெளி.

அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? போர்வையால் தம்மைப் போர்த்திக்கொண்டு, தாம் தங்கியிருந்த அதே இடத்தில் அமர்ந்துகொண்டார்கள். தம்மைக் காணோம் என்று தெரிந்ததும் நம்மவர் தேடித் திரும்பி வருவார்கள் என்பது அவர்களின் நினைப்பு. அப்படியே உறங்கியும் போனார்கள்.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். வழி தவறிய பெண்ணின் நெஞ்சில் இருந்தது இந்த ஒரே நம்பிக்கை: நம்மவர் தேடி வருவார்கள். எங்கோ ஒரு ரயில் நிலையத்திலோ, மருத்துவமனைக் கட்டிலிலோ, பூட்டிய அறையிலோ இருக்கும் இன்றைய பெண்ணுக்கும் அந்த நம்பிக்கைதானே இருக்கும்? நம்மவரோ தேநீர்க் கடையில் அவளுடைய ஒழுக்கத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

படைக்குப் பின்னால் வந்த ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரலி) அவர்கள் விடியற்காலையில் அன்னையவர்களைக் கண்டு 'இன்னா லில்லாஹி' ஓதினார்கள். அதைத் தவிர வேறு ஒரு சொல்லும் பேசாமல் ஒட்டகத்தைப் படுக்க வைத்து, அன்னையவர்களை ஏற்றி, தாம் கயிற்றைப் பிடித்து நடந்து, நண்பகலில் படையை வந்தடைந்தார்கள். முனாபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபைக்கு அது போதுமானதாக இருந்தது. மதீனாவில் ஒரு மாத காலம் அந்த அவதூறு நாவுக்கு நாவு தாவிற்று. அன்னையவர்களோ நோயில் படுத்திருந்தார்கள்; ஒன்றும் அறியார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்த விதம் நமக்குப் பாடமாகும். நெருங்கிப் பழகியவர்களையே கேட்டார்கள். பணிப்பெண் பரீரா (ரலி) சொன்ன சாட்சியம் மனத்தை உருக்குவது. அவர்களிடம் ஒரு குறையும் கண்டதில்லை, மாவைப் பிசைந்து வைத்துவிட்டு உறங்கிப் போவார்கள், ஆடு வந்து தின்றுவிடும், அத்தனை வெள்ளை மனம் என்றார்கள் அவர்கள். அன்னையவர்களுக்கு ஈடாக நின்ற சக்களத்தியான ஜைனப் நாயகி (ரலி) அவர்கள்கூட, தம் காதையும் கண்ணையும் காத்துக்கொள்வதாகவும், நன்மையையன்றி வேறெதையும் அறியவில்லை என்றும் கூறிவிட்டார்கள். அதே ஜைனப் நாயகியின் உடன்பிறந்த ஹம்னாவோ சகோதரிக்குப் பரிந்து பேசுவதாக எண்ணிப் பழியில் சிக்கினார். பத்ருப் போரில் கலந்த மிஸ்தஹ் (ரலி) அவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. அமல் நிறைந்தவர்கள் புரளியில் விழமாட்டார்கள் என்று நினைப்பது பிழை.

பின்னர் அல்லாஹுதஆலா ஸூரத்துன் நூரின் பதினொன்றாவது ஆயத்து முதல் இறக்கியருளி அன்னையின் தூய்மையைப் பறைசாற்றினான். அவ்வசனங்களில் ஒரு நுட்பம் உண்டு. பன்னிரண்டாவது ஆயத்தில், இதைக் கேட்டபோது முஃமினான ஆண்களும் பெண்களும் தங்களைப் பற்றியே நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்ற கருத்து வருகிறது. அவரைப் பற்றி என்று வராமல் தங்களைப் பற்றி என்று வருவதேன்? பக்கத்து வீட்டுப் பெண்ணின் மானம் நம் மானமாகும். பதினைந்தாவது ஆயத்தில் செய்தியை நாவால் பெற்றுக்கொண்டதாக வருகிறது. செய்தியைக் காதால் அன்றோ பெறுவார்கள்! காதில் விழுந்தது மனத்தை அடைந்து சிந்திக்கப்படாமல் நேரே நாவுக்குப் போய்விட்டது என முபஸ்ஸிர்கள் விளக்குகின்றனர். இன்று அந்த நாவின் வேலையைப் பெருவிரலும் செய்கிறது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யன் ஆவதற்குப் போதும் என்ற ஹதீஸின் கருத்து, வந்த செய்தியைப் பிறருக்குத் தள்ளிவிடுபவருக்கும் பொருந்தும். "நான் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்பது ஷரீஅத்தில் செல்லாத வாதம்.

பத்தினிப் பெண் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவருக்கு நான்காவது ஆயத்தில் விதிக்கப்பட்டது எண்பது கசையடி. அவர் சாட்சியமும் ஏற்கப்படாது. நான்கு பேர் கண்ணாரக் கண்டிருக்க வேண்டிய இடத்தில், பஸ் நிலையத்தில் பார்த்ததாக யாரோ சொன்னதை வைத்து நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இது மறுமைக்கான எச்சரிக்கை மட்டுமன்று. இம்மையிலேயே புரளி உயிரைக் குடிக்கும். உத்தரப் பிரதேசத்தில் நொய்டாவைச் சேர்ந்த நிட்டாரியில் 2005, 2006 ஆண்டுகளில் ஏழை வீட்டுக் குழந்தைகளும் இளம்பெண்களும் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற் போனார்கள். புகார் கொடுக்கப் போனபோது, எவனுடனாவது ஓடிப்போயிருப்பாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் எனப் பெற்றோர் பின்னர் கண்ணீர் வடித்தனர். 2006 டிசம்பர் இறுதியில் ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையிலிருந்து மண்டையோடுகளும் எலும்புகளும் எடுக்கப்பட்டன. பல்லாண்டு நடந்த வழக்கில், விசாரணையின் குறைகளைக் கண்டித்து 2023இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. கொன்றவர் யார் என்பதே நிலைநாட்டப்படவில்லை. 'ஓடிப்போனாள்' என்ற ஒரு சொல், தேட வேண்டிய கால்களைக் கட்டிப் போட்டுவிட்டது.

அமெரிக்காவில் 2013 மார்ச் மாதம் இந்திய வம்சாவளி மாணவன் ஒருவன் காணாமற் போனான். அவனைத் தேடுவதற்காகக் குடும்பத்தார் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார்கள். ஏப்ரலில் பாஸ்டன் நகரில் குண்டு வெடித்ததும், குண்டு வைத்தவன் இவன்தான் என்று முன்பின் அறியாதவர்கள் கதை பரப்பினார்கள். வசை தாங்காமல் குடும்பத்தார் அப்பக்கத்தையே மூட நேர்ந்தது. சில நாட்களில் அவன் உடல் ஓர் ஆற்றில் கிடைத்தது. குண்டு வெடிப்பதற்கு முன்பே அவன் இறந்துவிட்டிருந்தான்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட முந்திக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். காணாமற் போன ஒவ்வொரு குழந்தையைப் பற்றிய புகாரையும் பதிவு செய்ய வேண்டும், குழந்தை கடத்தப்பட்டிருப்பதாகவே முதலில் கொள்ள வேண்டும் என 2013 மே மாதம் தலைமை நீதிபதி அல்தமஸ் கபீர் அவர்களின் அமர்வு உத்தரவிட்டது. பதினெட்டு வயது நிரம்பாத அனைவரும் இதில் அடங்குவர். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள், நம் தமிழகத்தவரான தலைமை நீதிபதி சதாசிவம் அவர்களின் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் மற்றொரு தீர்ப்பளித்தனர். மகள் கடத்தப்பட்டதாக ஒரு தந்தை தொடுத்த வழக்கு அது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவதைக் காவல் நிலையம் மறுக்க இயலாது என்பதே தீர்ப்பு. சட்டம் அந்தப் பிள்ளையை அநீதி இழைக்கப்பட்டவளாகக் கொண்டு தேடலைத் தொடங்குகிறது. நாம் அவளைக் குற்றவாளியாகக் கொண்டு பேச்சைத் தொடங்குகிறோம்.

ஆகவே பெற்றோர் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. இருபத்துநான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அப்படி ஒரு விதி இல்லை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லையைக் காட்டி மறுக்கக் கூடாது. அண்மைய புகைப்படம், கடைசியாக உடுத்தியிருந்த உடை, போன் எண், உடன் வேலை பார்ப்போர் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்கள் உள்ளன. ஜமாஅத்தார் செய்யத்தக்கது, துணைக்கு இரண்டு பேரை அனுப்புவது. படத்தைப் பரப்புவதானால் பெற்றோர் சம்மதத்துடன், போலீஸ் எண்ணுடன் மட்டும் பரப்புங்கள். பெண் கிடைத்ததும் அழித்துவிடுங்கள். பாலியல் கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம். நம் மஹல்லாவில் பெண் வீடு வந்த பின்பும் அவள் படம் மூன்று மாதம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு வேளை அவள் தானாகவே வீட்டைவிட்டுப் போயிருந்தால்? அப்படிப் போவோரும் உண்டு. விருப்பமில்லாத நிக்காஹுக்கு நெருக்கப்பட்டுப் போனவர்களும் உண்டு. தம் சம்மதமின்றித் தந்தை செய்து வைத்த நிக்காஹைப் பற்றி கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்கள் முறையிட, நாயகம் (ஸல்) அவர்கள் அதை ரத்துச் செய்த செய்தி புகாரியில் உள்ளது. வீட்டில் கேட்க ஆளில்லாதபோதுதான் வாசற்படி தாண்டத் தோன்றும். வீட்டை விட்டுப் போனாள் என்பதால் விபசாரம் செய்தாள் என்று ஆகிவிடாது. அப்போதும் நான்கு சாட்சிகளின் சட்டம் மாறாது. திரும்பி வர எண்ணும் பெண்ணை வரவொட்டாமல் தடுப்பது பெரும்பாலும் தந்தையின் கோபமன்று. ஊரார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற அச்சமே.

அவதூறு காதுக்கு எட்டியபின் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாய்வீட்டில் இரவும் பகலும் கண்ணீர் ஓயாமல் அழுதார்கள். அவ்வேளையில் அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் அனுமதி கேட்டு உள்ளே வந்தார்கள். அருகில் அமர்ந்து, தாமும் சேர்ந்து அழுதார்கள். அவர்கள் ஏதும் கேட்டதாகவோ சொன்னதாகவோ அறிவிப்பில் இல்லை.

நம் மஹல்லாத் தாயைச் சில மாதங்கள் கழித்துச் சந்தித்தபோது, நாம் கேட்ட அந்தக் கேள்விக்காக மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லீங்க ஹஜ்ரத்" என்றார். அந்த நாட்களில் எதிர்வீட்டு ஹிந்து அம்மா வேளாவேளைக்குச் சோறு கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். நம்மவர் வீடுகளிலிருந்து யார் வந்தார்கள் என்று கேட்டோம். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.