பழைய மரத்தில் புதிய இல்லம்

கேள்வி: இடிக்கப்பட்ட ஆலையொன்றின் தேக்கு உத்தரங்களையும் செங்கல்லையும் கொண்டு பழைய பாணியில் வீடு கட்டுவது உசிதமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: மிகவும் உசிதமே. தங்களுக்கு அணித்தேயுள்ள முட்டுக்காட்டில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வடிவமைப்பில் எழுந்து 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று, அழிவை நோக்கியிருந்த செட்டிநாட்டு இல்லத்தையும் கேரளத்து மர வீட்டையும் பக்குவமாகப் பிரித்துக் கொணர்ந்து, தச்சர்கள் மீண்டும் பொருத்தி நிறுத்தியிருக்கும் அற்புதத்தைக் கண்ணாரக் காணுங்கள். பல்லாண்டு உலர்ந்த தேக்கு புதுமரம்போல் எளிதில் சுருங்கி வளையாதாயினும், அறுக்குமுன் ஆணி யாவற்றையும் களைவதும், சுவருக்குள் புதைந்திருந்த முனைகளில் கறையான் அரித்துள்ளதா என்று தட்டிப் பார்ப்பதும் அத்தியாவசியம். செங்கல்லோ, சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டதையே வாங்குங்கள். அதுதான் பழுதின்றிப் பிரியும், சிமெண்டில் பிணைந்தது பெரும்பாலும் உடைந்தே வரும்.